பிரைம்95 மென்பொருள்: மட்டக்களப்பு வீட்டுக் கணினியிலிருந்து ஒரு மதிப்பீடு

இதை எழுதும் வரையில் உலகம் அறிந்த மிகப் பெரிய முதன்மை எண், 2இன் 136,279,841ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழிக்கக் கிடைப்பதாகும். 41,024,320 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை 2024 ஒக்டோபரில் கண்டறிந்தது, கிம்ப்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் மெர்சென் முதன்மை எண் தேடல் திட்டம். ஜோர்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய இத்திட்டத்தில் எந்த நாட்டைச் சேர்ந்தவரும் பணம் ஏதும் கட்டாமல் சேரலாம். அதற்கென அவர் எழுதிய மென்பொருள்தான் பிரைம்95. கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக் கணினியில் இது நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. உயர்தர இணைந்த கணிதம் கற்பிப்பவன் என்ற முறையிலும், மின் கட்டணம் செலுத்துபவன் என்ற முறையிலும் இதனைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள கணித ஆசிரியர்களையும் மாணவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

மென்பொருளை மதிப்பிட வேண்டுமானால், அது தேடும் பொருள் எத்தகையது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். 2இன் ஒரு வலுவிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண்ணுக்கு மெர்சென் எண் என்று பெயர். அது முதன்மை எண்ணாக இருக்க வேண்டுமானால் சுட்டியும் முதன்மை எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் சுட்டி முதன்மையாக இருந்தால் மாத்திரம் போதாது. சுட்டி 11 ஆகும்போது கிடைக்கும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கிய பெருக்கமாகிவிடுகிறது. பிரெஞ்சுத் துறவியான மரின் மெர்சென் 1644இல் 257 வரையான சுட்டிகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67உம் 257உம் தவறாகச் சேர்ந்திருந்தன, 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. 67இன் தவறு 1903இல்தான் முழுமையாக வெளிப்பட்டது: அவ்வெண் 193,707,721 × 761,838,257,287 என்று பிராங்க் நெல்சன் கோல் காட்டினார். இன்று வரை அறியப்பட்ட மெர்சென் முதன்மை எண்கள் 52 மாத்திரமே. அவற்றுள் கடைசிப் பதினெட்டும் இத்திட்டத்தின் வழியே கிடைத்தவை. இவ்வகை எண்கள் முடிவிலியாக உள்ளனவா என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

இத்தனை பெரிய எண்ணைப் பற்றி நம்மூர் வகுப்பறையில் என்ன செய்துவிட முடியும் என்று சிலர் கேட்கலாம். நிறையச் செய்யலாம். “சேர், அந்த நம்பரின் கடைசி இலக்கம் என்ன?” என்று ஒரு மாணவி கேட்டபோது கரும்பலகையிலேயே விடை கண்டோம். 2இன் வலுக்களின் ஒன்றாமிட இலக்கங்கள் 2, 4, 8, 6 என்று நான்குக்கு ஒரு முறை சுழல்கின்றன. 136,279,841ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அந்த வலு 2இல் முடியும், 1ஐக் கழித்தபின் எண் 1இல் முடியும். இதே வழியில் இன்னும் சற்று உழைத்தால் கடைசி மூன்று இலக்கங்கள் 551 என்பதையும் பெறலாம். இலக்கங்களின் எண்ணிக்கைக்கு மடக்கை போதும். ஆனால் பரீட்சை மண்டபத்தில் தரப்படும் நான்கு தசம தான அட்டவணையில் 2இன் மடக்கை 0.3010 என்றிருக்கிறது, அதைச் சுட்டியால் பெருக்கினால் விடை ஏறத்தாழ 4,088 இலக்கங்கள் குறைந்துவிடுகிறது. 0.30102999566 என்று எடுத்தால்தான் 41,024,319.94 கிடைக்கும், அதிலிருந்து 41,024,320 இலக்கங்கள் என்பதும், தசமப் பகுதி 0.94 ஆதலால் எண் 8இல் தொடங்குகிறது என்பதும் ஒருங்கே விளங்கும். அட்டவணையின் திருத்தம் எவ்வளவு முக்கியமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காரணிகளைப் பற்றிய பண்பு இன்னும் அழகானது. சுட்டி ஒற்றை முதன்மை எண்ணாயின், மெர்சென் எண்ணின் எந்தவொரு முதன்மைக் காரணியும் சுட்டியின் இரட்டை மடங்கோடு 1ஐக் கூட்டிய வடிவில் இருக்க வேண்டும். அத்துடன் அதனை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். 2047இன் காரணிகளான 23, 89 இரண்டும் 11இன் இரட்டை மடங்கோடு 1 கூட்டியவை என்பதைப் பாருங்கள். இப்போது 136,279,841ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இரு மடங்கோடு 1ஐக் கூட்டினால் வருவதை 8ஆல் வகுக்க மீதி 3, நான்கு மடங்குக்கு மீதி 5, இரண்டும் விலகுகின்றன. ஆறு மடங்குக்கு வரும் 817,679,047தான் மீதி 7 தந்து நிபந்தனைகளை நிறைவு செய்யும் முதல் எண். அதாவது எண்பத்தொரு கோடிக்கும் மேல் செல்லும் வரை எந்த முதன்மை எண்ணாலும் இதனை வகுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பிரைம்95 ஓர் எண்ணின் மீது நீண்ட சோதனையைத் தொடங்குமுன் காரணி தேடும் கட்டங்கள் இந்தப் பண்பின் மீதே கட்டப்பட்டிருக்கின்றன.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். தரவிறக்கக் கோப்பு சிறியது. விண்டோசில் நிறுவல் என்று தனியாக ஒன்றுமில்லை, உறையைப் பிரித்து இயக்கினால் போதும். லினக்சுக்கு எம்பிரைம் என்ற பெயரில் கிடைக்கிறது. முதல் முறை திறக்கும்போது திட்டத்தில் சேர்கிறீர்களா, கணினியைச் சோதிக்க மாத்திரம் பாவிக்கிறீர்களா என்று கேட்கும். சேர்ந்தால் பிரைம்நெட் என்னும் சேவையகம் உங்கள் கணினியின் வேகத்துக்கேற்ப ஒரு சுட்டியை ஒதுக்கும். அதன் பின் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால் வினாத்தாள் தட்டச்சு செய்யும்போதோ இணையத்தில் உலவும்போதோ தடை எதுவும் தெரிவதில்லை. சாளரத்தில் எத்தனையாவது படியில் நிற்கிறது, ஒரு படிக்கு எத்தனை மில்லிசெக்கன்கள் செல்கின்றன, எப்போது முடியும் என்ற விவரங்கள் ஒவ்வொரு வரியாக வந்துகொண்டிருக்கும்.

அந்தப் படிகளில் என்ன நடக்கிறது? மெர்சென் எண்களின் முதன்மையை நிறுவும் லூக்கா–லேமர் சோதனையைச் சிறிய எண்ணில் செய்து பார்த்தால் விளங்கும். சுட்டி 7, எண் 127. 4இலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கித்து 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். 14, 67, 42, 111, 0 என்று வரும். ஐந்தாம் படியில் பூச்சியம் வந்தமையால் 127 முதன்மை எண். 67இலிருந்து 42க்குச் செல்லும் படியைச் சற்று உற்று நோக்குங்கள்: 67இன் வர்க்கம் 4489, 2ஐக் கழித்தால் 4487. இதை 127ஆல் நெடும்பிரித்தல் செய்யத் தேவையில்லை. 4487இல் 35 முறை 128 அடங்கி 7 எஞ்சுகிறது. 35ஐயும் 7ஐயும் கூட்டினால் 42, அதுவே மீதி. துவித எண்ணாக எழுதினால் 128ஆல் வகுப்பதென்பது ஏழு இலக்கங்களை வெட்டி எடுப்பதே. ஆகவே மெர்சென் எண்ணால் வகுத்து மீதி காண்பது வெறும் வெட்டிக் கூட்டலாகிவிடுகிறது. மிகப் பெரிய முதன்மை எண்களின் வரிசையில் பெரும்பாலும் மெர்சென் எண்களே முன்னிற்பதற்கு இந்த எளிமைதான் காரணம். 2047க்கு இதே சோதனையைச் செய்தால் ஒன்பதாம் படியில் 1736 எஞ்சும். 23, 89 என்ற காரணிகளை அறியாமலேயே அது சேர்த்தி எண் என்று உறுதியாகிவிடுகிறது.

பெரிய எண்ணில் கடினமானது வர்க்கித்தல். 41,024,320 இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பள்ளிக்கூட முறையில் அதே எண்ணால் பெருக்கினால் ஒரே ஒரு படிக்கு 1,600 இலட்சம் கோடிக்கு மேற்பட்ட சிறு பெருக்கல்கள் வேண்டும். அத்தகைய படிகளோ பதின்மூன்று கோடிக்கும் மேல். பெரும் எண்களை விரைவாகப் பெருக்க உதவும் விரைவு ஃபூரியர் உருமாற்றம் என்ற முறையை வோல்ட்மன் ஒவ்வொரு வகைச் செயலிக்கும் ஏற்றவாறு அசெம்பிளி மொழியில் தாமே எழுதியிருக்கிறார்; அதனால்தான் ஒரு சாதாரண வீட்டுக் கணினி ஒரு படியைச் சில மில்லிசெக்கன்களில் முடிக்கிறது. இந்த உழைப்பு பெரும் மரியாதைக்குரியது. ஆனால் இந்த உருமாற்றம் தசம எண்களில், அண்ணளவாக்கலுடன் நடப்பது. கோடிக்கணக்கான படிகளில் எங்கேனும் ஒரே ஓர் இலக்கம் பிழைத்தாலும் முடிவு முழுவதும் வீண். என் மதிப்பீட்டில் இம்மென்பொருளின் உண்மையான தரம் வேகத்தில் இல்லை, இந்தப் பிழையை அது கையாளும் முறையிலேயே இருக்கிறது.

முன்னர் ஒவ்வொரு சுட்டியையும் இரண்டு வேறு கணினிகள் தனித்தனியே முழுமையாகச் சோதித்து, இறுதி மீதி ஒத்துப்போனால்தான் முடிவு ஏற்கப்பட்டது. உலகின் உழைப்பில் பாதி சரிபார்ப்புக்கே சென்றது. 2017இல் ரொபர்ட் கெர்பிச் ஒரு வழி கண்டார். இப்போது முதலில் செய்யப்படுவது, எண் முதன்மையாக இருக்கக்கூடுமா என்று மாத்திரம் காட்டும், 3ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா வகைச் சோதனை. அது வெறும் தொடர் வர்க்கித்தல் என்பதால், இடைநிலை மீதிகளின் பெருக்கத்தைக் கொண்டு கணக்கு வழுவின்றிச் செல்கிறதா என்று நடுவிலேயே மிகக் குறைந்த செலவில் சோதிக்க முடிகிறது. கெர்பிச் சோதனை இத்தனையாவது படியில் தேறியது என்று சாளரத்தில் ஒரு வரி வரும். தேறாவிட்டால் மென்பொருள் கடைசியாக உறுதிப்படுத்திய இடத்துக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து மீண்டும் தொடங்கும். மேலும், 2018இல் கிரிஷ்தோஃப் பியெட்ர்சாக் வெளியிட்ட முறையைத் தழுவி, சோதனை முடிந்ததும் ஒரு சான்றுக் கோப்பு தயாராகிறது. 256 இடைநிலை மீதிகளைக் கொண்டு அதனை ஆக்கினால், மற்றொருவர் ஏறத்தாழ 256இல் ஒரு பங்கு உழைப்பில் எங்கள் முடிவைச் சரிபார்த்துவிடலாம்.

இதன் பொருளை நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வதுண்டு. கல்லடியில் ஓடிய ஒரு கணினி “இந்த எண் சேர்த்தி எண்” என்று சொல்கிறது. அதனை முன்பின் அறியாத வேறொரு நாட்டவர், எங்களை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல், தம் கணினியில் சோதித்து ஏற்றுக்கொள்கிறார். அந்தச் சுட்டிக்குரிய பக்கத்தில் இறுதி மீதியின் கடைசிப் பதினாறு பதினறும இலக்கங்களோடு முடிவு பதியப்படுகிறது. அதனை எவரும் எப்போதும் மீளக் கணித்துப் பார்க்கலாம். பெயரோ பட்டமோ ஊரோ அங்கு எடுபடுவதில்லை.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது வெப்பம். செயலியின் எல்லாக் கருக்களும் முழு வேகத்தில் இடைவிடாது உழைக்கும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், கூரைத் தகட்டின் கீழ் உள்ள ஓர் அறையில் இதை முழு வேகத்தில் ஓடவிடுவது கணினிக்கும் நல்லதன்று, அறையில் இருப்பவர்களுக்கும் நல்லதன்று. கருக்களின் எண்ணிக்கையைக் குறைக்க மென்பொருளிலேயே வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். மடிக்கணினியில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது மின்சாரம். மேசைக் கணினி இதற்கென மேலதிகமாக 100 வாற்று எடுத்தால் நாளொன்றுக்கு 2.4 அலகுகள், மாதத்துக்கு 72 அலகுகள். நமது வீட்டு மின் கட்டணம் பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் படிமுறையில் இருப்பதால், இந்த 72 அலகுகளும் உயர்ந்த படியின் விலையிலேயே கணக்கிடப்படக்கூடும். கூரையில் சூரியப் படலம் உள்ளவர்கள் பகலில் மாத்திரம் ஓட்டலாம். மற்றவர்கள் கணினியை வேறு வேலைக்காக இயக்கும் நேரங்களில் மாத்திரம் ஓடவிடுவதே நியாயம். சோதனை நீண்டுபோகும், ஆனால் முடியும். மாரி காலத்தில் மின் தடைப்படுவது பற்றி அஞ்சத் தேவையில்லை. மென்பொருள் இயல்பாகவே அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிலையைச் சேமிக்கிறது. ஆகவே திடீரென மின் போனால் இழப்பது அதிகபட்சம் அந்த அரை மணித்தியால வேலைதான்.

மூன்றாவது தரவு. வழக்கமான தொடர்புக்கு மிகச் சிறிதளவே வேண்டும் என்றாலும், சான்றுக் கோப்பு நூறு மெகாபைற்றைத் தாண்டக்கூடும். கைத்தொலைபேசித் தரவை நம்பியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கோப்பை எந்த மணித்தியாலங்களில் அனுப்பலாம் என்று அமைக்க இடமுண்டு. சோதனை நடக்கும்போது வன்தட்டில் சில கிகாபைற்று இடமும் வேண்டும்.

முகப்பு பழைய பாணியில் அமைந்தது. தமிழில் இல்லை. தெரிவுகளின் விளக்கங்கள் அனுபவம் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. புதிதாக வரும் மாணவர் ஒருவருக்கு அருகில் இருந்து காட்டிக்கொடுக்க ஆள் தேவை.

பரிசை எண்ணிச் சேர்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். புதிய முதன்மை எண்ணைக் காண்பவருக்குத் திட்டம் 3,000 டொலர் வழங்குகிறது. நூறு மில்லியன் இலக்கங்களைத் தாண்டும் முதல் எண்ணுக்கு இலத்திரனியல் எல்லை நிறுவனம் 150,000 டொலர் அறிவித்திருந்தது. ஆனால் 51ஆவது எண் 2018 டிசம்பரிலும் 52ஆவது 2024 ஒக்டோபரிலும் கிடைத்தன. இடையில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் உழைத்தும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஒன்றுமில்லை. 52ஆவதைக் கண்ட லூக் டியூரண்ட், பல நாடுகளிலுள்ள தரவு மையங்களில் வாடகைக்கு எடுத்த வரைகலைச் செயலிகளைப் பாவித்தவர். அவருடைய எண் அயர்லாந்தின் டப்ளினிலிருந்த ஒரு செயலியில் முதலில் வெளிப்பட்டு, பின்னர் லூக்கா–லேமர் சோதனைகளால் உறுதிப்படுத்தப்பட்டது. வரைகலைச் செயலிகளுக்கு மிஹாய் பிரெடா தொடங்கிய வேறு மென்பொருள் உண்டு. பிரைம்95 அவற்றில் ஓடாது. ஆகவே வீட்டுக் கணினியில் அடுத்த முதன்மை எண் கிடைக்கும் வாய்ப்பு முன்னிலும் குறைந்துவிட்டது. கிடைப்பது பெரும்பாலும் “சேர்த்தி எண்” என்ற முடிவுதான். அந்த முடிவும் எவராலும் மாற்ற முடியாத ஒரு கணித உண்மை என்று கருதுபவர்களுக்கே இது பொருத்தமானது. நான் அப்படித்தான் கருதுகிறேன்.

முதன்மை எண்களில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. பாவித்த கணினி வாங்கும்போது, விற்பவரின் அனுமதியோடு இதன் அழுத்தச் சோதனையை அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். கணக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது மென்பொருளுக்கு முன்பே தெரியும் என்பதால், நினைவகமோ செயலியோ பழுதடைந்திருந்தால் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் கல்முனையில் வாங்கிய கணினியில், அன்றாட வேலைகளில் தெரியாத நினைவகப் பழுது இவ்வாறுதான் வெளிப்பட்டது. 2016 ஜனவரியில் இன்டெல் நிறுவனமே தன் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த ஒரு வழுவை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டதற்கு, பிரைம்95 ஓட்டியவர்கள் அதைக் கண்டுபிடித்ததே காரணம்.

பத்தாண்டுக்கு முற்பட்ட கணினி மாத்திரம் வைத்திருக்கும் பாடசாலைகளுக்கு, முதன்மைச் சோதனையை விட்டுவிட்டுக் காரணி தேடும் வேலையைத் தெரிவு செய்யுமாறு பரிந்துரைக்கிறேன். ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா 1987இல் வெளியிட்ட நீள்வளைய வளையி முறை பிரைம்95இலேயே இருக்கிறது. அதற்குக் குறைந்த நினைவகம் போதும், ஒவ்வொரு வளையியும் தனித்தனி முயற்சி என்பதால் பாடவேளை முடிந்ததும் தயங்காமல் நிறுத்தலாம், காரணி கிடைத்தால் அதை மாணவர்களே கையால் பெருக்கியும் வகுத்தும் சரிபார்க்கலாம். அவர்கள் முன் வைக்கத்தக்க எண் ஒன்றும் இருக்கிறது. சுட்டி 1277 கொண்ட மெர்சென் எண்ணுக்கு 385 இலக்கங்களே உள்ளன; அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அது சேர்த்தி எண் என்று நிறுவப்பட்டுவிட்டது. முதன்மைச் சுட்டி கொண்ட மெர்சென் எண்களுள், ஒரு காரணிகூட அறியப்படாத மிகச் சிறிய சேர்த்தி எண் அதுவே. அதன் காரணி எதுவாயினும் 2554இன் ஒரு மடங்கோடு 1ஐக் கூட்டியதாகவே இருக்கும் என்பது வரை நமக்குத் தெரியும். ஆனால் அக்காரணி எது என்று எவருக்கும் தெரியாது.